ஒரே வயிற்றுவார்

மண் கிண்டுகிற பெக்கோக்காரன் எலும்பு கண்ட அன்று எங்கள் துறையில் மீன் நல்ல மலிவு. மாரி தொடங்குவதற்கு முந்திய வெயில். வாவி முழுக்கச் செல்வன் மீனும் ஒட்டி மீனும் ஏறிக் கிடந்தன. குருக்கள்மடத்துத் துறையடியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு நான் கேதீஸ்வரி அக்காவின் பெட்டியில் மீன் தெரிந்துகொண்டிருந்தேன். விலை குறைத்துக் கேட்டால் அக்கா திட்டுவார். கேட்காவிட்டால், "என்ன மனே, பெரிய முதலாளியாயிட்டியோ?" என்று அதற்கும் திட்டுவார். அந்தத் திட்டுக்காகவே நான் வேறு யாரிடமும் மீன் வாங்குவதில்லை.

அக்கரையிலிருந்து பாதை வந்து கரையில் முட்டியது. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற அந்த இரும்புத் தெப்பத்துக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். அதிலிருந்து இறங்கிய ஒருவர் சைக்கிளைத் தள்ளியபடியே சொன்னார்.

"பேரின்பம் முதலாளி வித்த பழைய இறால் குளத்த பெக்கோ போட்டுக் கிண்டுறானுகள். மனிசன்ட எலும்பு வந்திரிக்காம். பொலிஸ் வந்து நிக்கி."

எங்கள் மாவட்டத்தில் எங்கே கிண்டினாலும் எலும்பு வரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரச்சினைக் காலம் விட்டுப்போன சொத்து அது. நின்றவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்ப மீனைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் கையிலிருந்த செல்வனைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கையைக் கூடக் கழுவாமல் எழும்பினார்.

"தம்பி, ஓட்டோவ எடு. பாதையில ஏத்து" என்றார்.

எதற்கென்று நான் கேட்கவில்லை. பேரின்பம் முதலாளியின் குளம் என்றதும் எனக்கும் சதீசனின் முகம்தான் வந்தது.

சதீசன் அக்காவின் தம்பி, என் கூட்டாளி. அக்காவும் அவனும் ஒரு தாயின் பாலைக் குடித்து வளர்ந்தவர்கள். செட்டிபாளையத்தில் அக்காவின் வீட்டில்தான் அவன் இருந்தான். கடலுக்குப் போகிற காலத்தில் பேரின்பம் முதலாளியின் படகில் போவான், கடல் பொங்குகிற காலத்தில் அக்காவின் புருஷன் யோகராசாவோடு வாவிக்குள் கம்பு ஊன்றித் தோணி தாங்குவான். கண்ணா மர வேருக்குள் இரண்டு கையையும் விட்டு நண்டு பிடிக்கிறதில் அவனை அடிக்க ஆளில்லை. பாட்டு அவனுக்குச் சுத்தமாக வராது, ஆனால் தோணியில் ஏறினால் பாடாமல் இருக்கமாட்டான். யோகராசா அண்ணன், "டேய், மீனெல்லாம் அக்கரைக்குப் போகுதுடா" என்று கும்பிடுவார். அப்படியொரு சந்தோசமான காலம் எங்களுக்கும் இருந்தது. யுத்தம் முடிந்து, இரவில் விளக்குக் கொளுத்திக்கொண்டு இறாலுக்குப் போகலாம் என்று வந்த அந்தப் புதுசில், நாங்கள் சிரித்த சிரிப்பு வாவி முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்த நாளில்தான் பேரின்பம் முதலாளி வாவியின் அக்கரையான படுவான்கரையில் இறால் குளம் வெட்டினார். குளத்து மருந்துத் தண்ணீரை வாவிக்குள் திறந்துவிட, கரையெல்லாம் மீன் வெள்ளை வெள்ளையாகச் செத்து ஒதுங்கியது. முதலாளியிடம் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பின்னேரம் சதீசன் சேர்ட்டை மாட்டிக்கொண்டு, "தண்ணிய வாவிக்குள்ள விடாதீங்கெண்டு சொல்லிப்போட்டு வாறன். அக்கா, நண்டுக்குப் புளி கூட விடு" என்று சொல்லிவிட்டுத் தோணியை எடுத்தான். நண்டு ஆறிப் போனது. அவன் வரவில்லை. மறுநாள் தோணி அக்கரைத் துறையில் கட்டியபடி நின்றது. அதே மறுநாள், தன்னுடைய கடல் படகின் எஞ்சினைச் சதீசன் களவெடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று பேரின்பம் முதலாளி பொலிசில் முறைப்பாடு கொடுத்தார்.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. திருகோணமலையில் கண்டவர்கள் வந்தார்கள், கட்டாரில் கண்டவர்களும் வந்தார்கள். எஞ்சின் கள்ளன் என்று பெயர் வைத்தார்கள். அக்காவின் மகள் வதனி பள்ளிக்கூடம் போகும்போது, 'எஞ்சின் கள்ளன்ட மருமகள்' என்று பின்னால் கத்தினார்கள். அவளுக்குப் பேசி வந்த சம்பந்தம் ஒன்று அந்தப் பெயரால்தான் முறிந்தது. அக்கா ஒவ்வொரு வாய்க்கும் பதில் சொல்லிச் சொல்லித்தான் இப்படித் திட்டுகிற வாயாக மாறினார். முன்னம் அவர் பேசுவதே கேட்காது.

பாதையில் போகும்போது அக்கா ஓட்டோவை விட்டு இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கரையில் பொலிசார் நாடா கட்டியிருந்தார்கள். குளத்தின் மூலையில் சேற்றுக்குள் விரித்த பொலித்தீன் மேல் கபில நிறமாகச் சில எலும்புகள். மண்டையில் பின்பக்கம் உடைந்திருந்தது. எங்களை நெருங்க விடவில்லை. அக்கா நாடாவுக்கு இந்தப் பக்கம் மணலில் குந்தி, "அது என்ட தம்பி ஐயா, என்ட தம்பி" என்று மட்டும் சொன்னார். அழவில்லை.

பேரின்பம் முதலாளியைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்கள். எலும்பு யாருடையதென்று தெரிந்தால்தான் வழக்கு நிற்கும் என்றார்கள். அதற்கு டி.என்.ஏ பார்க்க வேண்டுமாம். அக்காவை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள்.

சட்ட வைத்திய அதிகாரியின் அறையில் அன்றிருந்தவர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பொடியன். தங்கமான பிள்ளை. கதிரையை இழுத்துப் போட்டு அக்காவை இருத்தினார். மேலே காற்றாடி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, காணாமல் போனவர் உங்கட சொந்தச் சகோதரமோ?"

"ஓம் ஐயா. என்ட தம்பி. என்ட கையால வளத்தவன்."

"ஒரே தாய்தானே? பேந்து பிழை வரக் கூடாது. ஆய்வுக்கு அது முக்கியம்."

"ஒரே வயித்துவார் ஐயா" என்றார் அக்கா.

டொக்டர் தலையாட்டி எழுதினார். வயிற்று என்பது அவருக்குக் கேட்டது. வார் என்ற வால் காற்றாடியோடு போய்விட்டது. கேட்டிருந்தாலும் அது எங்கள் ஊருச் சொல், அவருக்கு என்ன விளங்கியிருக்கும்? பிறப்புச் சாட்சிப் பத்திரங்களைப் பார்த்தார். இரண்டிலும் தாயின் பெயர் இராசாத்தி என்றே இருந்தது. யாருக்கும் சந்தேகம் வர ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் வரவில்லை, எனக்கோ அந்த வீட்டின் அடுப்படி வரைக்கும் தெரியும்.

அக்காவின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் அக்கா பஞ்சை எறியாமல் கைக்குள் வைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெத்தம் பொய் சொல்லாதுதானே தம்பி?"

"சொல்லாதக்கா" என்றேன். பெரிய விஞ்ஞானி மாதிரிச் சொன்னேன்.

மாரி வந்தது, வாவி பெருகி வளவு வரைக்கும் ஏறியது, இறங்கியது. படுவான்கரை வயல் வட்டைகளில் வேளாண்மை வெட்டுகிற நாளில் முடிவு வந்தது. நீதிமன்றத்தில் வாசித்தார்கள். எலும்புக்குரியவரும் கேதீஸ்வரியும் ஒரு தாயின் பிள்ளைகள் என்பதற்கு ஆய்வில் ஆதாரமில்லை.

பேரின்பம் முதலாளியின் சட்டத்தரணி எழும்பி, "இந்த மாவட்டத்தில் எந்த நிலத்தைத் தோண்டினாலும் பழைய எலும்பு வரும். அதற்கெல்லாம் என் கட்சிக்காரர் பொறுப்பாக முடியுமா?" என்று கேட்டார். முதலாளிக்குப் பிணை கிடைத்தது. அன்று பின்னேரம் அவர் வீட்டில் வெடி கொளுத்தினார்கள். செட்டிபாளையம் முழுக்கக் கேட்டது.

நான் அன்று அக்கா வீட்டில்தான் சாப்பிட்டேன். யோகராசா அண்ணனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வாவியில் பிடித்த பெரிய நண்டுகளைக் கொண்டுவந்து, வதனியை ஒதுக்கிவிட்டுத் தானே அடுப்படியில் இருந்து உடைத்தார்.

"அப்ப பொடியன் உசிரோட இரிக்கான் கா! நான் சொல்லல்லியா? எங்கயாவது இரிப்பான். ஒரு நாளைக்கி வந்து வாசல் கடப்படியில நிண்டு, அத்தான் எண்டு கூப்பிடுவான், பாரன்."

அக்கா குசினிக் கதவில் சாய்ந்தபடி நின்றார்.

"நண்டுக்குப் புளி கூட விடட்டாம்மா?" என்று வதனி கேட்டாள்.

"விடாத" என்றார் அக்கா. பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னார். "உசிரோட இரிந்தா அவன் கள்ளன். என்னையும் இந்தப் புள்ளயையும் இந்த ஊர்ட வாயில போட்டுட்டு ஓடின கள்ளன். செத்திரிந்தாத்தான் அவன் நல்லவன். எதக் கேட்டுக் கும்பிடுற நான்? சொல்லுங்க, எதக் கேட்டு?"

அண்ணன் உடைத்த நண்டைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தார். அக்காவுக்குக் கடைசியில் அந்தச் சனியன் பிடித்த எலும்புதான் தேவையாக இருந்தது. அது தம்பியுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு தமக்கை நேர்த்தி வைக்க வேண்டிய நிலைமையை என்னவென்று சொல்வது.

"மறுகா ஒருக்கா என்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ தம்பி" என்றார். "அந்தக் கைய நான் பாக்கணும்."

எந்தக் கை என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கோயிலடி நாவல் மரத்தில் நானும் சதீசனும் ஏறினோம். நான் இறங்கினேன், அவன் விழுந்தான். இடது முன்கை முறிந்தது. முறிவு வைத்தியம் பார்க்கிற ஊர்ப் பரியாரி பத்துப் போட்டுக் கட்டினார். கை பொருந்தியது, ஆனால் ஒரு சின்னக் கோணலோடு பொருந்தியது. அதற்குப் பிறகு அவனுக்கு நாங்கள், பழம் பறிக்கிற கொக்கைத்தடி என்று பெயர் வைத்தோம். நாவற்பழக் காலம் வந்தால் இப்போதும் நான் அந்த மரத்தடியில் ஓட்டோவை நிறுத்துவதுண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது யாழ்ப்பாணத்து டொக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். வாங்கில் இருக்கச் சொன்னார்கள். அங்கே ஏற்கனவே ஒரு அம்மா இருந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை, மடியில் ஒரு பை.

"எங்கிருந்து கா?" என்றார் அக்கா.

"தன்னாமுனை. பேர் மக்டலின். அந்தக் குளத்தில எடுத்த எலும்புக்கு ஆக்களில்லையாம், காணாமப் போன புள்ளயளுக்குத் தாய்மார் வந்து ரெத்தம் குடுக்கலாமாம் எண்டாங்க. அதான் வந்த. என்ட மகன் டினேஷ். பிரச்சினைக்குள்ள, சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போன. இன்னும் வரல்ல." கொஞ்சம் நிறுத்தி, "நீ என்னத்துக்கு வந்த புள்ள?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "நானும் அந்த எலும்புக்குத்தான் அக்கா" என்றார்.

ஒரு எலும்புக்கு இரண்டு பேர். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே ஏலாமல் இருந்தது. போய்த் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தபோது, அக்கா தான் கொண்டுவந்த பிட்டையும் மீன் பொரியலையும் பிரித்து மக்டலின் அம்மாவுக்குப் பாதி கொடுத்திருந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே கதைத்தார்கள்.

"என்ட மகனுக்குப் பொரிச்ச மீனெண்டா உசிர்" என்றார் மக்டலின் அம்மா. "முள்ள எடுத்திட்டு மீன எனக்குத் தந்திருவான், தலைய அவன் எடுப்பான்."

"இவனும் அப்பிடித்தான். தலைய ஆருக்கும் குடான், சூப்பிக்கிட்டே இரிப்பான். தொண்ணூறாம் ஆண்டு நாங்க ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்தில இரிந்த. பாய் ஒண்டுதான் இரிந்த. நானும் அவனும் அதில. இரவெல்லாம் கால எடுத்து என்ட மேல போடுவான். தள்ளிப் படுடா, தள்ளிப் படுடா எண்டு சொல்லியே நான் விடிச்ச."

அதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். அத்தனை வருசத்துக்குப் பிறகு அவர் சதீசனைப் பற்றிச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

புதிய டொக்டரின் பெயர் றுமானா. கல்முனைப் பக்கம். மக்டலின் அம்மாவிடம் இரத்தம் எடுத்தபிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"உங்கட முடிவு வந்திட்டே அம்மா. மறுகா என்னத்துக்கு வந்தீங்க?"

"கையப் பாக்க டொக்டர். இடது கை. கோணி இரிக்கா எண்டு பாத்துச் சொல்லுங்க. வேறொண்டும் வேணாம்."

றுமானா டொக்டர் கோவையைப் புரட்டினார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"இடது முன்கையில பழைய முறிவு ஒண்டு இரிக்கி. கோணலாப் பொருந்தினது. ஆரு சொன்ன உங்களுக்கு?"

"ஆரும் சொல்லல்ல. நாவல் மரம் சொன்ன" என்றார் அக்கா. அவருக்கு மூச்சு வாங்கியது. "பொறகு ஏன் டொக்டர் அந்த ரெத்தம் பொய் சொன்ன? நாங்க ஒரே வயித்துவார்தானே! மெய்யாத்தான் சொன்ன நான்."

டொக்டரின் பேனா நின்றது.

"என்ன சொன்னீங்க? ஒரே வயிறா, ஒரே வயித்துவாரா?"

"வயித்துவார்."

"நீங்க என்ன குடி அம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடி என்பது எங்களுக்குத் தாய்வழியாக வருகிற குலம், ஆஸ்பத்திரியில் அதைக் கேட்கிற டொக்டரை நான் இதற்கு முதல் கண்டதில்லை. கோயில் திருவிழாவில் கேட்பார்கள், கலியாணம் பேசும்போது கேட்பார்கள். அக்காவும் திகைத்துத்தான் சொன்னார்.

"படையாண்ட குடி."

"பயப்படாதீங்க. எங்களுக்கும் குடி இரிக்கி, எங்கட உம்மாட குடிதான் எனக்கு" என்று சிரித்தார் டொக்டர். "இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சதீசனப் பெத்தது ஆரு?"

"எங்கட சின்னம்மா, கண்மணி. அம்மாட கூடப்பிறந்த தங்கச்சி. பெத்துப்போட்டு அந்தக் கிழமையே காய்ச்சல்ல போயிட்டா. நான் அப்ப மடிக்குழந்தைக்குக் கொஞ்சம் பெரிசு, பால் மறக்கல்ல. அம்மா ரெண்டு பேருக்கும் பால் குடுத்த. அவன் எங்கட அம்மாவத்தான் அம்மா எண்ட."

"பத்திரத்தில உங்கட அம்மாட பேர் இரிக்கே?"

"அது தொண்ணூறில வீட்டோட எல்லாம் எரிஞ்சு போச்சி டொக்டர். பொறகு நடமாடும் சேவையில புதுசாப் பதிஞ்ச. எத்தின புள்ளயெண்டு கேட்டாங்க, அம்மா எங்க ரெண்டு பேரையும் காட்டி என்ட புள்ளயள் எண்டா. அதில என்ன பிழை?"

ஒரு பிழையும் இல்லை. எங்கள் பக்கத்தில் அக்கா தங்கச்சியின் பிள்ளைகள் அண்ணன் தம்பிதான். ஒரு தாயின் வயிற்றிலிருந்து மகள்மார் வழியாக இறங்குகிற கொடி முழுவதும் ஒரு வயிற்றுவார். அதற்குள் பெற்றது யார் என்று பிரித்துக் கேட்கிறவனைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதனால்தான் எனக்கும் அது வித்தியாசமாகத் தோன்றவில்லை. கண்மணிச் சின்னம்மாவின் கதை எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் இரத்தம் பொய் சொல்லாது என்று அளந்துவிட்டேன்.

றுமானா டொக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார்.

"பாருங்கம்மா, அவங்க தேடினது ஒரு தாய் பெத்த ரெண்டு பேர. நீங்க பெரியம்மா, சின்னம்மா புள்ளயள். அந்தக் கணக்கில வராது. ஆனா ரெத்தத்தில இன்னொரு சாமான் இரிக்கி. அது தாய் மட்டும்தான் குடுப்பா. மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும். ஆனா மகன் தன்ட புள்ளைக்குக் குடுக்க ஏலா. மகள்தான் குடுப்பா. அவட மகள், மறுகா அவட மகள், அப்பிடியே போகும்."

அக்கா வாயைப் பிளந்தார்.

"அது எங்கட குடிதானே டொக்டர்! இதக் காண கொழும்புக்கு என்னத்துக்கு ரெத்தம் அனுப்பின? குடிக்கணக்குப் பாக்கிற எங்கட கோயில் வண்ணக்கர்ட்ட கேட்டிரிந்தா சொல்லியிரிப்பாரே!"

டொக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். நானும்தான். அக்கா சிரிக்கவில்லை, அவர் உண்மையாகத்தான் கேட்டார்.

நீதிமன்றத்துக்கு அறிக்கை போட்டு, எலும்பின் மாதிரியைத் தாய்வழிக்குத் திரும்பப் பார்க்க அனுமதி எடுத்தார் டொக்டர். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய நாளில் முடிவு வந்தது. பொருந்தியது. அதே நாளில் மக்டலின் அம்மாவின் முடிவும் வந்திருந்தது. இல்லை. அந்த அம்மா வாங்கில் இருந்து எழும்பி வந்து அக்காவின் கையைப் பிடித்து, "கிடைச்சிட்டான் புள்ள, கடவுளுக்குத் தோத்திரம்" என்றார். அப்படிச் சொல்ல ஒரு மனது வேண்டும். அக்காவுக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆனால் வழக்கு அதோடு சுலபமாகவில்லை. சட்டத்தரணி மறுபடி எழும்பினார். இந்த முடிவு தாய்வழி ஒன்று என்று மட்டும்தான் சொல்கிறது, ஆள் இன்னார் என்று சொல்லவில்லை, அந்தத் தாய்வழியில் எத்தனையோ ஆண்கள் இருக்கலாம், அதில் எவருடைய எலும்பாகவும் இருக்கலாம் என்றார். றுமானா டொக்டரும் அது சரிதான் என்று சாட்சியில் ஒத்துக்கொண்டார். கை முறிவையும் எடுத்துச் சொன்னார். அந்தத் தாய்வழியில் வேறு யாரும் காணாமல் போயிருக்கிறார்களா என்று விசாரித்து வரும்படி நீதவான் பொலிசுக்குச் சொல்லி, தவணை போட்டார்.

அக்கா பொலிசை நம்பிக்கொண்டு இருக்கவில்லை. அடுத்த தவணை வரைக்கும் என் ஓட்டோவுக்கு ஓய்வில்லை. அம்பிளாந்துறை, குருக்கள்மடம், களுதாவளை என்று எங்கெல்லாம் அந்த வயிற்றுவார் கிளை போட்டிருக்கிறதோ அங்கெல்லாம் போனோம். வேளாண்மைக்காரர், வாத்தியார், தச்சுவேலைக்காரர், கள்ளுச் சீவுகிறவர், கோபித்துக்கொண்டு பல வருசம் முகம் பார்க்காதவர். அக்கா கடப்படியில் நின்றே கேட்பார்.

"சதீசன் உங்களுக்கு ஆரு?"

"தம்பி."

"அப்ப தவணையண்டைக்கு வந்து கோட்டடியில நில்லுங்க. உசிரோட இரிக்கன் எண்டு காட்டினாப் போதும்."

தவணையன்று வந்தார்கள். நீதிமன்ற வளவில் மரத்தின் கீழ், வேட்டியும் சாரமும் காற்சட்டையுமாக, கிழவர்கள் முதல் அரும்பு மீசைக்காரர்கள் வரைக்கும், அந்த வயிற்றுவாரின் ஆண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். கட்டாரில் இருந்தவன் கைபேசியில் முகம் காட்டிக்கொண்டு நின்றான். பார்க்கப் பார்க்க எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஒருவனுக்குச் சதீசனின் காது, இன்னொருவனுக்கு அவனுடைய நடை, ஒருவன் சிரித்தால் அச்சாக அவனே. பொலிஸ்காரர் வாக்குமூலம் எடுத்துக் களைத்துப் போனார். அக்கா அவரிடம் போய்ச் சொன்னார்.

"பாருங்க சேர். எங்கட வயித்துவார் ஆம்புளையெல்லாம் இஞ்ச நிக்கிறானுகள். செத்தவனுகள் செத்த இடமும் கொள்ளி வச்ச ஆளும் எங்களுக்குத் தெரியும். இதில இல்லாதவன் ஒருத்தன்தான். அவன்தான் அந்தக் குளத்தில கிடந்த."

அன்று சட்டத்தரணி எழும்பி அதிகம் கதைக்கவில்லை. எலும்பு சதீசனுடையதென்று நீதவான் ஏற்றுக்கொண்டார். பேரின்பம் முதலாளியின் பிணை இரத்தானது. வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, இன்னும் முடியவில்லை. அது எப்படி முடியுமோ எனக்குத் தெரியாது. எஞ்சின் களவு போகவில்லை என்பதும், அதை முதலாளியே எங்கே விற்றார் என்பதும் மெல்ல மெல்ல வெளியே வருகிறது. எஞ்சின் கள்ளன் என்ற சொல் மட்டும் எங்கள் ஊரில் அன்றோடு நின்றது.

எரிக்கக் கூடாது, தேவைப்பட்டால் திரும்ப எடுக்க வேண்டி வரும், புதைக்கலாம் என்பது கட்டளை. எங்களில் புதைக்கிற வழக்கமும் இருப்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியை என் ஓட்டோவில்தான் கொண்டுவந்தோம். அவ்வளவு பெரிய மனிதனுக்கு அவ்வளவு சின்னப் பெட்டி. யோகராசா அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க, "பாடன்டா, இப்ப பாடன்டா" என்று அழுதுகொண்டு வந்தார். துறையடியால் போனபோது மீன் பெட்டிகளுக்கு முன்னால் இருந்த பெண்கள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். அதில் யாரோ ஒருவர், "சதீசன் வாறான்" என்றார். நான் ஓட்டோவின் வேகத்தை இன்னும் குறைத்தேன்.

செட்டிபாளையத்துக் கடற்கரை மணலில் குழி. பின்னேர வெயில் இறங்கி, கடற்காற்று நன்றாக வீசியது. வயிற்றுவார் முழுக்க வந்திருந்தது. மண் போட்டு முடிந்து, ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பும்போதுதான் மக்டலின் அம்மா நிற்பதைக் கண்டேன். தன்னாமுனையிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு மெழுகுதிரி.

"புள்ள, நீ கோபிக்காட்டி ஒண்டு கேக்கவா?" என்று அக்காவிடம் கேட்டார். "இதில ஒரு மெழுகுதிரி கொளுத்தட்டா? என்ட மகனுக்கு எங்க கொளுத்துறதெண்டு எனக்குத் தெரியாது. கோயில்ல கொளுத்துறன்தான். ஆனா ஒரு மண் வேணும்போல இரிக்கி."

அக்கா அவருடைய கையைப் பிடித்து இழுத்து மணலில் இருத்தினார். தானும் பக்கத்தில் இருந்தார். காற்று விடவில்லை. நெருப்புக்குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அக்கா சேலைத் தலைப்பை விரித்து மறைத்துப் பிடித்தார், நானும் போய் மற்றப் பக்கம் குந்தினேன். ஒருவாறு பற்றியது.

"புள்ளைட பேர் என்ன சொன்னீங்க அக்கா?"

"டினேஷ்."

அக்கா குனிந்து, ஈர மணலில் கையை வைத்தார். பாயில் படுத்திருக்கிற ஒருவனைத் தட்டுவதுபோல இரண்டு முறை தட்டினார்.

"சதீசன், கொஞ்சம் தள்ளிப் படுடா" என்றார். "டினேஷ் வந்திரிக்கான்."